அடிபட்ட தொழிலாளிக்கு எழுதிய மருந்தைக் கடையில் மாற்றலாமா? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் சிப்காட்டில் விரல் நசுங்கியவரும் சேதராப்பட்டு ஆலையில் கொதிநீர் பட்டவரும் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் நேராகப் போவது மெடிக்கலுக்குத்தான். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கடைக்காரர், "இந்தக் கம்பெனி மருந்து இல்லைங்க, இதே மருந்து வேற கம்பெனியில இருக்கு, தரட்டுமா?" என்பார். வலியில் இருப்பவரும் கூட வந்தவரும் யோசிக்க நேரமில்லாமல் தலையாட்டிவிடுவார்கள். சீட்டில் ஒரு பெயரும் பில்லில் வேறொரு பெயரும் இருக்கிறது என்று பத்து நாள் கழித்து கம்பெனி அக்கவுண்ட்ஸில் பணம் நிற்கும். அதைவிட மோசமாக, ஒரே மருந்தை இரண்டு பெயரில் சேர்த்து விழுங்கி வயிறு புண்ணாகிப் போவதும் நடக்கிறது.

விலை குறைந்த ஜெனரிக் மருந்துக்கு, அதாவது உள்ளே அதே மருந்துப் பொருள் இருக்கும் வேறு கம்பெனித் தயாரிப்புக்கு, மாறுவது நல்லதுதான், தாராளமாக மாறலாம். ஆனால் அந்த மாற்றம் மருத்துவரின் பேனாவில் நடக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது

1945-ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள் விதிகளில் 65(11அ) என்று ஒரு துணைவிதி இருக்கிறது. எச் அட்டவணை, எக்ஸ் அட்டவணை (மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய மருந்துகளின் பட்டியல்கள்) மருந்துகள் எழுதிய சீட்டுக்கு, எழுதிய மருந்தையே தர வேண்டும். அதற்குப் பதிலாக வேறு தயாரிப்பைத் தரக் கூடாது. அந்த வேறு தயாரிப்பில் அதே மருந்துப் பொருள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, கூடாது. ஆகவே மருத்துவர் ஒரு பிராண்டின் பெயரை எழுதியிருந்தால், உள்ளே அதே சரக்கு (மருந்துப் பொருள்) இருக்கிறது என்று சொல்லிக் கடைக்காரர் தானாக இன்னொரு பிராண்டைக் கொடுக்க விதியில் இடமில்லை. இது மத்திய அரசின் விதி. கடலூருக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று என்று கிடையாது. முள்ளோடையைத் தாண்டிப் போய் வாங்கினாலும் இதே விதிதான்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வேறு மாதிரி சொல்லக்கூடும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பிராண்ட் பெயர் எழுதியிருந்தாலும் பார்மசிஸ்ட் ஜெனரிக் கொடுக்கலாம். பல இடங்களில் கொடுத்தே ஆக வேண்டும். வேண்டாம் என்றால் 'எழுதியபடியே கொடு' என்று மருத்துவர் குறிப்பு எழுத வேண்டும். இங்கே நிலைமை தலைகீழ். பிராண்ட் பெயரை எழுதிவிட்டாலே அது 'எழுதியபடியே கொடு' என்றுதான் பொருள். இணையத்தில் படித்ததை வைத்து நம்மூர் கடைக்காரரிடம் வாதாட வேண்டாம்.

மருத்துவர் மூலப்பெயரில், அதாவது ஜெனரிக் பெயரில் எழுதியிருந்தால் கதை வேறு. 'டைக்ளோஃபெனாக் சோடியம் 50 மில்லிகிராம்' என்று சீட்டில் இருந்தால், அந்தச் சரக்கு அந்த அளவில் உள்ள எந்தக் கம்பெனி மாத்திரையையும் கடைக்காரர் தரலாம். அங்கே மாற்றம் என்ற பேச்சே இல்லை. மருத்துவர்கள் ஜெனரிக் பெயரில், படிக்கிற மாதிரி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை விதிகளில் 2016-இல் திருத்தம் வந்தது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. 2002 விதிகள் தொடர்ந்தன. எனவே ஜெனரிக் பெயரில் எழுதித் தரும்படி நீங்கள் கேட்பது மருத்துவரின் கடமைக்கு உட்பட்டதைத்தான். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

மருத்துவர் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்

இந்த ஐந்து நிமிடத்தைச் சரியாகச் செய்தால் பின்னால் வரும் தொல்லையில் பாதி வராது.

'வேலை செய்யும்போது அடிபட்டது' என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓ.பி. சீட்டில் அந்தக் காரணம், தேதி, நேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் ஏற்றியிருந்தால் ஏ.ஆர். காப்பியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொல்லி மேஸ்திரியோ சூப்பர்வைசரோ காதில் ஓதினால் கேட்காதீர்கள். முதல் சீட்டில் பொய் ஏறிவிட்டால் மருந்துச் செலவும் போகும், இழப்பீடும் போகும்.

அடுத்து, மருந்துச்சீட்டில் இருக்க வேண்டியவை: நோயாளியின் பெயர், முகவரி; மருத்துவரின் கையெழுத்தும் தேதியும்; எத்தனை மாத்திரை, என்ன அளவில், எப்படிச் சாப்பிடுவது. இவையும் விதி 65(10) கேட்பவைதான். பல சீட்டுகளில் மொத்த எண்ணிக்கையை விட்டுவிடுகிறார்கள். '1-0-1, 5 நாள்' என்று இருந்தால் பத்து மாத்திரை என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்; 'தேவைப்பட்டால்' என்று மட்டும் இருந்தால் எத்தனை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் கடைக்காரர் முழு அட்டையாகத் தருவார், கம்பெனியோ பாதியை வெட்டும்.

பிறகு இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், மருந்தோட ஜெனரிக் பேரையும் எழுதிக் கொடுங்க. ஜெனரிக் கடையில வாங்கிக்கிறோம்." பிராண்ட் பெயரை எழுதி முடித்துவிட்டார் என்றால், பக்கத்தில் மூலப்பெயரை எழுதி 'அல்லது இதற்குச் சமமானது' என்று சேர்த்து ஒரு சின்னக் கையெழுத்துப் போட்டால் போதும். எந்த மருந்தை மாற்றவே கூடாது என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

'வேறு கம்பெனி' என்பதும் 'வேறு மருந்து' என்பதும்

கவுண்டரில் இரண்டையும் ஒரே மூச்சில் "இதுவும் அதுதாங்க" என்று சொல்லிவிடுவார்கள். ஒரே சரக்கு, ஒரே அளவு, ஒரே வடிவம், கம்பெனி மட்டும் வேறு என்றால் அது ஜெனரிக் மாற்று. சரக்கே வேறாகி, அதே நோய்க்குத் தருகிற இன்னொன்று என்றால் அது மருந்தையே மாற்றுவது. தீப்புண்ணுக்குச் சில்வர் சல்ஃபாடயசின் 1 சதவீதக் களிம்பு எழுதியிருக்க, ஃப்ராமைசெடின் களிம்பைக் கொடுத்து "இதையே போடுங்க" என்பது இரண்டாவது வகை. அதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர் மட்டுமே. (சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். சிப்காட்டில் ரசாயனம் பட்டுப் புண்ணானவர்கள் எந்த ரசாயனம் என்ற பெயரையும் எழுதிக் கொண்டுபோக வேண்டும்.)

ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம்

விரல் நசுங்கித் தையல் போட்டவருக்கு வழக்கமாக வரும் சீட்டு இது, கிருமிக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, வயிற்று எரிச்சலுக்கு ஒன்று: அமாக்சிசிலின்-கிளாவுலனிக் ஆசிட் 625, காலை மாலை, 5 நாள். அசிக்ளோஃபெனாக் 100 + பாராசிட்டமால் 325, காலை மாலை, சாப்பிட்ட பிறகு, 5 நாள். பான்டொப்ரசோல் 40, காலை வெறும் வயிற்றில், 5 நாள். ஆக மொத்தம் 10, 10, 5 மாத்திரைகள்.

முதல் மருந்தில்தான் பெரிய பொறி இருக்கிறது. 625 என்பது ஒரே சரக்கின் அளவு கிடையாது. அமாக்சிசிலின் 500 மில்லிகிராம், கிளாவுலனிக் ஆசிட் 125 மில்லிகிராம், இரண்டும் சேர்ந்து 625. ஆக்மென்டின் 625 என்ற பிராண்டிலும் இதுதான், ஜெனரிக்கிலும் இதுதான். கடையில் 625 இல்லை, 375 இருக்கிறது, இரண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றால் ஒப்புக்கொள்ளக் கூடாது. 375-இல் அமாக்சிசிலின் 250, கிளாவுலனிக் ஆசிட் அதே 125. இரண்டு போட்டால் அமாக்சிசிலின் 500 சரியாக வரும், கிளாவுலனிக் ஆசிட் மட்டும் 250 ஆகிவிடும். வயிற்றுப்போக்கு பிடுங்கி எடுக்கும், மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுவார், புண் சீழ் பிடிக்கும். வெறும் அமாக்சிசிலின் 500-ஐக் கொடுத்து "அதேதான்" என்பதும் தவறு. அது பாதி மருந்து.

இன்னொன்று, கிளாவுலனிக் ஆசிட் ஈரத்தில் கெட்டுப்போகும். நம் கடற்கரைக் காற்றின் ஈரம் தெரியும்தானே. அலுமினிய அட்டையிலிருந்து பிரித்து மாத்திரை டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள், வேளைக்கு வேளை அட்டையிலிருந்து எடுங்கள்.

இரண்டாவது மருந்தில் வால் எழுத்துகளைக் கவனிக்க வேண்டும். அசிக்ளோஃபெனாக்கோடு பாராசிட்டமால் மட்டும் சேர்ந்தது ஒன்று. 'எஸ்.பி.' என்று வால் இருந்தால் வீக்கத்துக்கென்று தரும் செர்ராஷியோபெப்டிடேஸும் சேர்ந்திருக்கும். 'எம்.ஆர்.' என்று இருந்தால் பெரும்பாலும் தசை தளர்த்தி ஒன்று கூடியிருக்கும். அது தூக்கம் வரவழைக்கலாம், அதைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டுவதோ மிஷினில் நிற்பதோ ஆபத்து. வேறு சில மருந்துகளில் இதே 'எம்.ஆர்.' மெதுவாகக் கரையும் மாத்திரை என்பதைக் குறிக்கும். எனவே வாலை வைத்து ஊகிக்காமல் அட்டையின் பின்பக்கம் 'ஒவ்வொரு மாத்திரையிலும் உள்ளது' என்ற வரியைப் படியுங்கள். படிக்க வராவிட்டால் கடைக்காரரையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிராண்ட் பெயரைவிட மூலப்பெயர் இரண்டு எழுத்தளவு பெரியதாக இருக்க வேண்டும் என்ற விதி 2018 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருப்பதால் தேட அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை.

பாராசிட்டமால் பல மருந்துகளுக்குள் ஒளிந்திருக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4,000 மில்லிகிராம். டைக்ளோஃபெனாக் 50 + பாராசிட்டமால் 500 கூட்டு மாத்திரையை மூன்று வேளை போடுபவர், காய்ச்சலுக்கென்று டோலோ 650-ஐ (இதுவும் பாராசிட்டமால்தான், 650 மில்லிகிராம்) நான்கு வேளையும் போட்டால் 1,500-ம் 2,600-ம் சேர்ந்து 4,100 ஆகிவிட்டது. குடிப்பழக்கம் உள்ளவருக்கும் ஈரல் கோளாறு உள்ளவருக்கும் இதைவிடக் குறைந்த அளவே கெடுதல் செய்யும்.

மூன்றாவது பான்டொப்ரசோல். இதில் மாற்றுவதில் பெரிய சிக்கல் வருவதில்லை. ஆனால் அட்டையில் 10 அல்லது 15 இருக்கும். உங்களுக்கு வேண்டியது 5. வெட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டும்போது பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் மறுபாதியோடு போய்விடும் என்பதால் அவை இரண்டும் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்றக் கூடாதவை, யோசித்து மாற்ற வேண்டியவை

தலையில் அடிபட்டவருக்கு வலிப்பு வராமலிருக்கத் தரும் ஃபெனிடாயின் போன்ற மருந்துகளில் கம்பெனி மாறினாலே ரத்தத்தில் சேரும் அளவு சற்று ஏறி இறங்கலாம். அந்தச் சிறு வித்தியாசமே வலிப்பையோ தள்ளாட்டத்தையோ கொண்டுவரப் போதும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினும் இப்படித்தான். கம்பெனி மாறினால் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். இவற்றில் எந்தக் கம்பெனியில் தொடங்கினீர்களோ, அது ஜெனரிக்கே ஆனாலும், அதையே தொடருங்கள். மாற வேண்டி வந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டு மாறுங்கள்.

எஸ்.ஆர்., சி.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.எல். என்று வால் உள்ள மாத்திரைகள் மெதுவாகக் கரைபவை. டைக்ளோஃபெனாக் எஸ்.ஆர். 100 ஒன்றுக்குப் பதிலாக சாதா 50 இரண்டை ஒரே வேளையில் போடக் கூடாது. எஸ்.ஆர். மாத்திரையை உடைத்தோ பொடித்தோ சாப்பிடவும் கூடாது. டைக்ளோஃபெனாக்கிலேயே சோடியம், பொட்டாசியம் என்று இரண்டு உப்புகள் உண்டு. பொட்டாசியம் உப்பு வேகமாக உறிஞ்சப்படும். சீட்டில் எந்த உப்பு எழுதியிருக்கிறதோ அதையே கேளுங்கள்.

கடும் வலிக்குத் தரும் டிரமடால், எச் அட்டவணையைவிடக் கட்டுப்பாடு கூடிய எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழும் வருகிறது. எச்1 மருந்தைக் கொடுத்தால் கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அவர் உங்கள் பெயர், முகவரி கேட்பது அதற்காகத்தான். "போன தடவை கொடுத்தீங்களே" என்று பழைய சீட்டை நீட்டினால் தர மறுப்பது சரியே. எச் மருந்துக்கும், திரும்பவும் தரலாம் என்று மருத்துவர் எழுதாவிட்டால், ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான்.

எங்கே வாங்குவது

மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008 முதல் இருக்கின்றன. ஊரில் பலர் இவற்றை 'ஜெனரிக் மெடிக்கல்' என்றே சொல்கிறார்கள். அங்கே பிராண்ட் விலையில் 50 முதல் 90 சதவீதம் வரை குறைவு. 'ஜன் ஔஷதி சுகம்' செயலியில் மூலப்பெயரைப் போட்டால் விலையும் அருகிலுள்ள கடையும் தெரியும். தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24-இல் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. இது தமிழ்நாட்டுத் திட்டம், கடலூர்க்காரர்களுக்குப் பயன்படும். புதுச்சேரிக்குள் தேட வேண்டாம். பாகூர் பக்கம் இருப்பவர்கள் கடலூருக்கு வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

சாதாரண மெடிக்கலில் 'ஜெனரிக்' என்று சொல்லித் தருவதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கடைக்காரருக்கு மிகக் குறைந்த விலையில் வரும் சில மருந்துகளின் அட்டையில் பிராண்டுக்கு நிகரான எம்.ஆர்.பி. அச்சிட்டிருக்கும். அவர் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தாலும் லாபம் கடைக்கே. ஜெனரிக் என்ற சொல்லை மட்டும் நம்பாமல் மக்கள் மருந்தக விலையோடு ஒப்பிடுங்கள். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் 'பார்மா சஹி தாம்' செயலியில் உச்சவரம்பு விலையையும் பார்க்கலாம். எம்.ஆர்.பி.க்குள் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் தரத் தேவையில்லை.

விலை குறைந்தது வேலை செய்யுமா என்ற பயம் நியாயமானது. நன்றாகக் கரையாத சரக்கு கொண்ட வாய்வழி மருந்துகளுக்கு, முதலில் வந்த பிராண்ட் மருந்துக்குச் சமமாக உடலில் சேர்கிறது என்பதைக் காட்டும் ஆய்வு 2017 ஏப்ரல் முதல் கட்டாயம். மக்கள் மருந்தகச் சரக்கு ஒவ்வொரு பேட்சும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்த பிறகே கடைக்கு வருகிறது. பெயர் தெரியாத கடையில் காகித உறையில் கொட்டித் தரும் மாத்திரைக்கு இந்த உத்தரவாதம் எதுவும் இல்லை. அதை வாங்காதீர்கள்.

இ.எஸ்.ஐ. உள்ளவர்கள்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் வருவார்கள், சம்பளத்தில் 0.75 சதவீதம் உங்களிடம் பிடிக்கப்படும், 3.25 சதவீதம் முதலாளி கட்டுவார். வேலையில் அடிபட்டால், சேர்ந்த முதல் நாளே ஆனாலும் சிகிச்சையும் மருந்தும் இலவசம். புதுச்சேரியில் கோரிமேட்டில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, மற்றபடி உங்களுக்கு ஒதுக்கிய மருந்தகம்தான் முதல் படி. கம்பெனியில் விபத்துப் புத்தகத்தில் பதிந்து, படிவம் 12-இல் விபத்து அறிக்கையை உடனே அனுப்ப வைக்க வேண்டும். டைம் ஆபீஸில் இதைத் தள்ளிப்போட விடாதீர்கள்.

இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மருந்துகள் பெரும்பாலும் மூலப்பெயரில்தான் இருக்கும். வெளியே பெரிய ஆஸ்பத்திரியில் பிராண்ட் பெயரில் எழுதிய சீட்டோடு போனால் கவுண்டரில் "இந்தப் பேர்ல இல்லை" என்று பதில் வரும். அதைக் கேட்டதும் ஏமாற்றத்தோடு வெளியே வந்து கைக்காசில் வாங்கிவிடுகிறார்கள். இப்படித்தான் பணம் போகிறது. மருந்தக மருத்துவரிடம் சீட்டைக் காட்டி மூலப்பெயரில் மாற்றி எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் அந்தச் சரக்கு உள்ளே இருக்கும். சரக்கே இல்லை என்றால், 'இருப்பில் இல்லை' என்று சீட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மருந்தகமே வெளியில் வாங்கித் தருகிறதா, நீங்கள் வாங்கிப் பின்னால் பணம் கேட்க வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கையெழுத்து இல்லாமல் வெளியே வாங்கிய பில்லுக்குப் பணம் வாங்குவது மிகவும் கஷ்டம். அங்கே வேறு சரக்கைத் தந்தால், அது மருத்துவர் எழுதியதா, கவுண்டரில் மாற்றியதா என்று கேளுங்கள்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள்

இவர்களுக்கு 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. வேலையில் ஏற்பட்ட காயத்துக்குச் செலவான மருத்துவத் தொகையை, எவ்வளவு செலவானதோ அவ்வளவையும் முதலாளி திருப்பித் தர வேண்டும் என்பது 2010-இல் அதில் சேர்ந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அதே உரிமை இருக்கிறது. இ.எஸ்.ஐ. உள்ளவர் இ.எஸ்.ஐ. பலன், இந்த இழப்பீடு இரண்டையும் கேட்க முடியாது.

'ஜெனரிக் விலைக்குத்தான் தருவோம்' என்று சொல்லும் கம்பெனிகள் உண்டு. மருத்துவர் பிராண்ட் பெயரை எழுதி, கடையில் அதையே வாங்கியிருந்தால் அது உண்மையான செலவு; விதிப்படி கடைக்காரர் வேறு கொடுத்திருக்கவும் முடியாது. இதை அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். மருத்துவர் மூலப்பெயரில் எழுதியிருக்க, நீங்களாக விலை கூடிய பிராண்டைக் கேட்டு வாங்கியிருந்தால் வாதம் பலவீனமாகிவிடும். அடிபட்டவரின் பணத்தை இந்தக் காரணங்களைச் சொல்லி மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது அநியாயம். ஆனால் அவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு ஓட்டையும் இல்லாமல் காகிதத்தை வைத்திருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

பில்லும் கோப்பும்

பில்லில் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச் எண், காலாவதித் தேதி, எண்ணிக்கை, கடையின் உரிம எண், பார்மசிஸ்ட் கையெழுத்து ஆகிய எல்லாம் இருக்க வேண்டும். 'மருந்து வகைகள் – 640' என்று ஒரே வரியில் எழுதித் தரும் துண்டுச்சீட்டு பில் ஆகாது. மருந்தைக் கொடுத்த கடைக்காரர் சீட்டிலும் கடைப் பெயர், முகவரி, தேதியைக் குறிக்க வேண்டும். அந்த முத்திரை இருந்தால் சீட்டும் பில்லும் ஒன்றோடொன்று கட்டுப்படும்.

பில்லில் உள்ள பெயர் சீட்டில் உள்ள பெயரோடு ஒத்துப்போகவில்லை என்றால், கடையிலேயே பில்லில் மூலப்பெயரை எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது சீட்டில் 'இதற்குச் சமமானது' என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். முன்தேதியிட்டு எழுதச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். அது பிடிபட்டால் நல்ல பில்களும் சந்தேகத்துக்குள்ளாகும்.

கணினி பில்களில் பல மெல்லிய வெப்பத் தாளில் வருகின்றன. நம் வெயிலுக்கு நான்கைந்து மாதத்தில் எழுத்து மறைந்துவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் படம் எடுத்துவையுங்கள். அசலைக் கம்பெனியில் கொடுக்கும்போது நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்று சீலும் தேதியும் வாங்குங்கள். சீட்டு, அதற்குரிய பில், அட்டையின் படம் என்று தேதி வாரியாக வைத்தால் அக்கவுண்ட்ஸில் யாரும் தேட வைக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

கம்பெனி மாறிய மருந்தின் நிறமும் உருவமும் மாறியிருக்கும். பழைய அட்டையில் மிச்சம் இருக்கும் மாத்திரையும் புதியதும் ஒரே சரக்கு என்று தெரியாமல் இரண்டையும் போடுவதுதான் வீட்டில் அதிகம் நடக்கும் விபத்து. வலி மாத்திரை இப்படி இரட்டிப்பானால் வயிற்றில் ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். புது மருந்து வந்ததும் பழைய அட்டையை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். புது அட்டையின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் 'வலி', 'புண்', 'வயிறு' என்று பெரிதாக எழுதுங்கள்.

மாற்றிய மருந்து போட்ட பிறகு தடிப்பு, மூச்சுத்திணறல், முகவீக்கம் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கூடவே அட்டையையும் எடுத்துப் போங்கள். மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. ஜிப்மரிலும் இதற்கான கண்காணிப்பு மையம் உண்டு. கேட்காமலே மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள், பில் தர மறுத்தார்கள், காலாவதியானதைக் கொடுத்தார்கள் என்றால், கடை கடலூர் மாவட்டத்தில் இருந்தால் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடமும், புதுச்சேரியில் இருந்தால் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும் எழுத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பது கணக்கில்லை, கடை எங்கே இருக்கிறது என்பதே கணக்கு. சீட்டின் நகல், பில்லின் நகல், பேட்ச் எண் தெரியும்படி அட்டையின் படம் ஆகியவற்றை இணையுங்கள். மீதி மாத்திரைகளை அட்டையோடு அப்படியே வைத்திருங்கள், ஆய்வாளர் கேட்கக்கூடும்.